சத்தம் குடு, கண்ணு

பெரியவளே, சின்னவனே,

ரெண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நான் எழுந்து போய்விடுகிறேன். இல்லையென்றால் உங்களுக்குப் போன் வந்துவிடுகிறது. பத்தாவது தாண்டாத அப்பன் எழுதுவது, அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் பாத்ரூம் கதவை இடித்துத் தாழ்ப்பாளைப் பேர்த்துவிட்டேன். உள்ளே கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது. குளிருக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தது. பக்கெட்டில் வெந்நீர் விழுகிற சத்தம் மட்டும் வெளியே கேட்டது. மூன்று தடவை தட்டினேன். "அம்மணி, சத்தம் குடு" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. நாலாவது தடவை தோளைக் கொடுத்துவிட்டேன். பெரியவள் குளித்து முடித்து யூனிபார்ம் எல்லாம் போட்டு, தம்பிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாள். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. இன்றோடு நாலு நாள்.

உங்கள் அம்மாதான் நேற்றுச் சொன்னாள். "புள்ளைககிட்ட ஒருக்கா வெவரமாச் சொல்லிப்போடுங்க. இல்லீன்னா உங்களைக் கிறுக்கன்னே முடிவு பண்ணிக்கும்."

விவரம் என்றால் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம். பட்டறையில் யாரும் அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் வைண்டிங் அக்கா.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருந்தது எங்கள் பம்புசெட் பட்டறை. எனக்கு அப்போது இருபத்திநாலு வயசு. நான் ஃபிட்டர். அக்கா மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவங்க. நாற்பது தாண்டியிருக்கும். ஒல்லியான ஆள். செம்புக் கம்பி ஓடி ஓடி வலது கைக் கட்டைவிரலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வார்னிஷ் வாசனை அவங்க மேல் எப்போதும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட.

அவங்க வேலை செய்யும்போது தலையைத் தூக்க மாட்டாங்க. ஆனால் பட்டறைக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருத்தன் வார்னிஷ் காய வைக்கிற சூளை அறைக்குள் போய்க் கொஞ்சம் நேரமானால் போதும்.

"மூர்த்தீ... சத்தம் குடு!"

"இருக்கறனுங்கக்கா!"

அதோடு சரி. மறுபடி காயில் ஓடும். டெஸ்டிங் தொட்டிக்குள் இறங்கினவன், லாரிக்கு அடியில் படுத்தவன், எல்லோரும் சத்தம் கொடுத்தாக வேண்டும். கக்கூஸில் இருக்கிறவனையும் விட மாட்டாங்க. "ஏனுங்கக்கா, இங்க வந்து கூடவா?" என்று ஒருத்தன் உள்ளேயிருந்து அழாத குறையாகக் கேட்பான். "திட்டறதுன்னா திட்டு சாமி. சத்தம் வந்தாப் போதும்" என்பாங்க. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாட்ச்மேன் தாத்தா நாற்காலியில் கண்ணசந்தால் அவரை எழுப்பி, "தூங்கறீங்களா?" என்று கேட்பாங்க. "இப்ப இல்ல அம்மணி" என்பார் அவர். பட்டறையே சிரிக்கும்.

ஆளை எண்ணினால் போதாதா, எதற்குச் சத்தம் என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணுனாத் தலைதான தெரியும்" என்றாங்க. மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாங்க. நானும் விட்டுவிட்டேன். சிரிப்பதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தது எனக்கு. காரணம் எதற்கு?

மலைக்குப் போகிற பழக்கத்தை ஆரம்பித்தது கனகராஜ் அண்ணன். ஃபோர்மேன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மஃப்ளர். "கோயமுத்தூர்க்காரனுக்குப் பனின்னா மார்கழியில கோலத்து மேல விழுகறதுதான். நெசப் பனி பாக்கோணும்னா மேல வாங்கடா" என்று கிளப்பிவிட்டார். கூட வேலை செய்த மூர்த்தியின் சித்தப்பா ஊட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து கேரட் போட்டிருந்தார். வருஷா வருஷம் தை மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியான ஷிப்ட் முடிந்ததும் துடியலூர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறுவோம். சித்தப்பா வீட்டில் படுத்து எழுந்து, ஞாயிறு விடியலில் மேலே இருக்கிற புல்மலைக்கு நடப்போம். மாடு மேய்க்கிறவர்கள் போகிற பாதை. ஏழு எட்டுப் பேர்.

அக்கா வருவாங்க என்று யாரும் நினைக்கவில்லை. மேட்டுப்பாளையத்துக்கே பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற ஆள். "நீயெதுக்கு அம்மணி, பயந்துக்குவே" என்றார் கனகராஜ் அண்ணன்.

"நீங்க எல்லாரும் போயிட்டுத் திரும்பி வார வரைக்கும் நான் ஊட்டுல உக்காந்து பயந்துட்டு இருக்கோணும். அதுக்குக் கூடவே வந்து பயந்துக்கறனுங்க."

வந்தாங்க. சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர். காதைச் சுற்றித் துண்டு. காலில் மகளுடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கையில் ஒரு மூங்கில் தடி. தூக்குச்சட்டியில் தின்பதற்குக் கச்சாயம். அந்த வேஷத்தில் பஸ் ஏறினதைப் பார்த்து கண்டக்டரே, "எந்த மலைக்குங்க சண்டைக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

நெசப் பனியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் புல்லெல்லாம் வெள்ளை. நம்ம ஊரில் ஜின்னிங் மில் பக்கம் வேலி மேல் பஞ்சு படிந்து கிடக்குமே, அந்த மாதிரி. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். சித்தப்பாவின் பைக் சீட்டில் விரலால் எழுதலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மூர்த்தி பக்கெட்டிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு தட்டைத் தூக்கி எடுத்து, "அண்ணா, அப்பளம் சாப்புடறீங்களா?" என்று எல்லோரிடமும் காட்டினான்.

அழகுதான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பிடிக்கவில்லை என்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் சத்தமே இல்லை. ஒரு பறவை இல்லை, பூச்சி இல்லை. நம் மூச்சு நம் காதிலேயே பெரிதாகக் கேட்கும். கொஞ்ச தூரம் ஏறினதும் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும். முன்னால் போகிறவன் முதுகு இருக்கும், இருக்கும், பிறகு இருக்காது. புல் வழுக்கும். ஒரு பக்கம் சரிவு எங்கே முடிகிறது என்று தெரியாது. எங்கேயோ காட்டெருமை மூச்சு விடுகிற மாதிரி ஒரு 'புஸ்' கேட்கும். கேட்டதா கேட்கவில்லையா என்று பக்கத்தில் கேட்க வெட்கம். அந்த நேரத்தில் பின்னாலிருந்து அக்கா குரல் வரும். ஒவ்வொரு பேராக. "கனகராஜண்ணா, சத்தம் குடுங்க! மூர்த்தீ, சத்தம் குடு!" ஒவ்வொருத்தரும் வெள்ளைக்குள்ளிருந்து, "இருக்கறனுங்க!"

வெளியே சிரித்தோம். அந்தக் குரல் வராமல் ரெண்டு நிமிஷம் போனால் எல்லோருமே நின்றுவிடுவோம். அதையும் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ரெண்டாவது வருஷம் நான் ஒரு வேலை செய்தேன். மேகம் நன்றாக மூடியிருந்தது. பாதையோரம் ஒரு பெரிய பாறை. அதன் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அக்கா என் பேரைக் கூப்பிட்டாங்க. வாயைப் பொத்திக்கொண்டேன். மறுபடி கூப்பிட்டாங்க. மூன்று, நாலு. ஐந்தாவது தடவை அந்தக் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. வயசே இல்லாத குரல்.

மெல்ல எட்டிப் பார்த்தேன். அக்கா சரிவின் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தாங்க. அந்தப் பனி மேலேயே. தலையை ஒருக்களித்து ஒரு காதைப் பள்ளத்துப் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாங்க. எதற்குப் படுத்துக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வேடிக்கையாக இருந்தது. "பூ!" என்று கத்திக்கொண்டு வெளியே குதித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்கா எழுந்தாங்க. சேலை முன்பக்கமெல்லாம் ஈரம்.  திட்டுவாங்க என்று நினைத்தேன். திட்டவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாங்க.

"உனக்கு இது வெளையாட்டு கண்ணு. இன்னொருக்காவும் நீ சத்தம் குடுக்காம இருப்பே. அப்பவும் நான் தேடித்தான் வருவேன். நூறு தடவை ஏமாத்துனாலும் வருவேன். நெனப்புல வெச்சுக்கோ."

நெனப்பில் வைத்தேன், வேறு மாதிரி. எவ்வளவு ஏமாற்றினாலும் வருகிற ஆள் கிடைத்தால் அந்த வயசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதிலிருந்து பட்டறையிலும் அவங்க கூப்பிட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். ரெண்டு மூன்று தடவை கூப்பிட வைத்து, அவங்க எழுந்து வருகிற காலடி கேட்டதும், "இருக்கறனுங்கக்கா" என்று இழுப்பேன். ஒரு நாளும் அவங்க எழுந்து வராமல் இருந்ததில்லை.

மூன்றாவது வருஷம்.

அந்தத் தையில் பனி அதிகம். உருளைக்கிழங்குச் செடியெல்லாம் தீய்ந்து கறுப்பாகிக் கிடந்தது. விடியலில் புறப்பட்டோம். மேலே போகிற வழியில் ஒரு ஓடை, குறுக்கே ஒரு பலகை. பலகை மேல் பனி உறைந்திருந்தது. மூர்த்தி கால் வைத்தான், பலகை அவனைக் கீழே விட்டது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். தூக்கி எடுத்தோம். பல் அடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"திரும்பலாமுங்க. எல்லாரும்" என்றாங்க அக்கா.

"உச்சி தெரியுது பாரு அம்மணி, இன்னும் கூப்புடு தூரந்தான்" என்றார் கனகராஜ் அண்ணன்.

"உச்சி எங்கயும் போயிராதுங்கண்ணா. இவன் ஒதடு நீலமாயிட்டிருக்குது."

திரும்பினோம். சித்தப்பா வீட்டில் சொந்தபந்தம், ஒறம்பரை என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். பொம்பளைகள் நிறைந்த வீட்டில் துணி மாற்ற மூர்த்திக்குக் கூச்சம். வீட்டுக்கு மேலே கூப்பிடுகிற தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கேரட் சாக்கு, மண்வெட்டி எல்லாம் போட்டு வைக்கிற இடம். ஜன்னல் கிடையாது. "அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று நான்தான் சொன்னேன்.

வாசலில் கும்முட்டி அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கரி போடுகிற அடுப்பு, வெந்நீர் வைக்க. அதைத் தூக்கிக்கொண்டு போனேன். முட்டாள்தனமாக அப்படியே உள்ளே வைத்துவிடவில்லை நான். கொட்டகைக்கு வெளியே வைத்து விசிறி, புகை முழுக்க அடங்கி, கரி செக்கச்செவேல் என்று ஆகும் வரை காத்திருந்தேன். புகைதானே ஆபத்து, புகை போய்விட்டது, இனி ஒன்றும் செய்யாது. நம்ம சீமையிலிருந்து மேலே போகிற எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிறதற்குத்தான் நமக்குப் பயம்.

அடுப்பை உள்ளே வைத்தேன். மூர்த்திக்கு லுங்கி மாற்றி, சாக்குகளைப் போர்த்தி உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினால் காற்று தள்ளிக்கொண்டு வந்தது. தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு அடியில் இடுக்கு. அங்கே ஈரச்சாக்கைத் திணித்தேன். தகரமும் தகரமும் சேருகிற இடத்தில் காற்று விசிலடித்தது. அங்கேயும் அடைத்தேன். நான் ஃபிட்டர். எங்கே லீக் இருந்தாலும் கை தானாகப் போகும். பம்புக்கு கேஸ்கெட் போடுகிற மாதிரி ஒரு இடம் விடாமல் அடைத்தேன். அடைத்து முடித்துவிட்டு, "எப்படி?" என்று மூர்த்தியைப் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் எனக்கு வருவது அந்தச் சிரிப்புதான்.

நல்ல கதகதப்பு. நடுக்கம் நின்றது. கீழேயிருந்து அக்கா குரல் வந்தது. "மூர்த்தீ, சத்தம் குடு!"

"இருக்கறனுங்கக்கா!"

பிறகு என் பேர். வழக்கம் போல ரெண்டு தடவை கூப்பிட வைத்துப் பதில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூர்த்தி வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னான். நான் அவனுக்கும் சேர்த்து, "இருக்கறமுங்கோ" என்று கத்தினேன். தலை லேசாக வலித்தது. பசி என்று நினைத்தேன். மூர்த்தி முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அக்கா என் பேரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. வலி இல்லை, மூச்சு முட்டவில்லை. பயம் துளியும் இல்லை. அவ்வளவு சுகமாக இருந்தது. சொல்லிக்கலாம், என்ன அவசரம் என்று இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாங்க. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறக்க நினைத்தேன். வாய் எங்கேயோ ரொம்ப தூரத்தில் இருந்தது. கை இருந்தது, அது என்னுடையது என்று தோன்றவில்லை. எதிரில் மூர்த்தி ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தான். அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். சாவு வந்து கதவைத் தட்டும், சண்டை போடலாம் என்று நினைத்திருந்தேன். அது பக்கத்தில் உட்கார்ந்து போர்வை போர்த்திவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெளியே நடந்ததைக் கனகராஜ் அண்ணன்தான் பிற்பாடு சொன்னார். அக்கா நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. பதில் இல்லை என்றதும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்திருக்காங்க.

"அட, அவன் பழைய வெளையாட்டை ஆரம்பிச்சுட்டான் அம்மணி. டீயைக் குடி" என்றாராம் அண்ணன்.

"ஆமாங்கண்ணா, வெளையாட்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓடியிருக்காங்க. எதிர் மேட்டில், அந்த வெள்ளை ஷூவோடு. வழியில் கிடந்த கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு.

கதவு தாழ் போட்டிருந்தது. கடப்பாரையை நிலையில் விட்டு நெம்பினதும் கதவு பெயர்ந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே நான் கிடந்தேன். ரெண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்துப்போட்டிருக்காங்க. அதற்குள் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். மூர்த்தி உள்கோடியில் கிடந்தான். கனகராஜ் அண்ணன் உள்ளே பாயப் போனார். அக்கா கடப்பாரையைக் குறுக்கே நீட்டி நின்றுவிட்டாங்க.

"உள்ள போகாதீங்க!"

"அடி, தள்ளு! பையன் கெடக்கறான் பாரு!"

"போனா நீங்களும் கெடப்பீங்க! பொறத்தாண்ட தகரத்தைப் பேருங்க! காத்து வரட்டும்! வெசையாப் பேருங்க!"

மூர்த்தியின் சித்தப்பா அந்த நேரத்தில் அக்காவை ஒரு கெட்ட வார்த்தை சொன்னாராம். இன்னொருத்தர் தலைமுடியைப் பிடித்து இழுத்தாராம். அக்கா நகரவில்லை. பின்பக்கத் தகரம் ரெண்டு பெயர்ந்து, அக்கட்டயிருந்து இக்கட்ட காற்று அடித்த பிறகுதான் வழி விட்டாங்க. முதல் ஆளாக அவங்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் மூர்த்தியை இழுத்துக்கொண்டு வந்தாங்க.

எனக்கு நெனப்பு வந்தபோது பனி மேல் மல்லாந்து கிடந்தேன். வானம் தெரிந்தது. யாரோ கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தார்கள். தலைக்குள் சம்மட்டி அடி. எரிச்சலில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. பட்டறையில் கூட அந்த வார்த்தையை அக்கா எதிரில் யாரும் சொன்னதில்லை.

அக்கா அறைவதை நிறுத்தினாங்க. என் முகத்துக்கு மேல் அவங்க முகம். துண்டு அவிழ்ந்து முடியெல்லாம் பறந்துகொண்டிருந்தது.

"திட்டறானுங்கண்ணா!" என்று கத்தினாங்க. "கேட்டீங்களா? திட்டறான்! எம்பட கண்ணு திட்டறான்!"

அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பிறகு பார்த்ததில்லை. நீங்கள் பிறந்தபோது உங்கள் அம்மா முகத்தில் பார்த்ததைத் தவிர.

மூர்த்தி சத்தம் கொடுக்க ரெண்டு நாள் ஆனது. கனல் கரி விடுகிற விஷவாயு, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்றார் டாக்டர்; மூடின அறையில் கேஸ் கீசரும் அதையேதான் விடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் அக்கா உட்கார்ந்தே இருந்தாங்க. ரெண்டாம் நாள் காலையில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவங்களாகவே சொன்னாங்க, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கூட்டுக்காரரு கெணத்துல எறங்குனாருப்பா. கெணத்துக்குள்ள படியில டீசல் என்ஜினை வெச்சுத் தண்ணி எறச்சிட்டு இருந்தாங்க. என்ஜின் நின்னுபோச்சு, பாத்துட்டு வாரேன்னு எறங்குனாரு. நான் மேல நின்னேன். கேக்கக் கேக்க, இருக்கேன் இருக்கேன்னு சொல்லிட்டே போனாரு. அப்பறம் சொல்லுல. வேலையில இருக்காரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானும் கூப்புடுல. செத்த நேரந்தான். அப்பறம் பயந்து கொழுந்தனாரைக் கூப்புட்டேன். அவரு அண்ணான்னு கத்திட்டு எறங்குனாரு. அவரும் வருல."

அவ்வளவுதான் சொன்னாங்க. கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து ஒரு காதை உள்ளே வைத்துக் கேட்டிருப்பாங்க என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்து வேடிக்கை என்று நினைத்தது அதைத்தான்.

மூர்த்தி பிழைத்தான். ஆனால் பழைய மூர்த்தி முழுசாகத் திரும்பி வரவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கிற வேலைக்கு அவன் பிறகு வரவேயில்லை. இப்போது மளிகைக்கடை வைத்திருக்கிறானே, நீங்கள் போனால் மிட்டாய் கொடுக்கிறவன், அதே மூர்த்தி மாமாதான். சில்லறை கொடுக்கும்போது கீழே சிந்துகிறது என்று சின்னவன் ஒருநாள் சிரித்தாய். நான் அன்றைக்கு உன்னை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று சொல்லவில்லை. கதவு இடுக்கில் சாக்கைத் திணித்த கை இதுதான்.

அதற்குப் பிறகு யாரும் மலைக்குப் போகவில்லை. கனகராஜ் அண்ணன் பனி என்ற பேச்சையே எடுக்க மாட்டார். அக்கா இன்னும் சில வருஷம் காயில் சுற்றினாங்க. அப்போதெல்லாம் பட்டறையில் அவங்க கூப்பிட்டால் யாரும் சிரித்ததில்லை. நான் முதல் தடவை கூப்பிட்டதுமே கத்துவேன். சில நாள் கூப்பிடாமலேயே, "அக்கா, இருக்கறனுங்க" என்று சொல்லிவிடுவேன். "தெரியுது, வேலையப் பாரு" என்பாங்க.

பிறகு மதுக்கரைக்கு மகள் வீட்டோடு போய்விட்டாங்க. நானும் உங்கள் அம்மாவும் கல்யாணமான புதிதில் ஒரு தடவை போனோம். வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. "அம்மா எல்லாத்தையும் கழட்டிப் போட்டாங்க" என்று மகள் சிரித்துக்கொண்டே குறை சொன்னாங்க. கிளம்பி வாசல் தாண்டி, தெரு முனை திரும்பிவிட்டோம். பின்னாலிருந்து என் பேர். "சத்தம் குடு!" தெருவே திரும்பிப் பார்த்தது. நடுரோட்டில் நின்று கத்தினேன், "இருக்கறனுங்கக்கா!" உங்கள் அம்மா வெட்கப்பட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அக்கா இப்போது இல்லை. கடைசி நாள் கண் திறக்காமல் கிடந்தபோது மகள் காதருகில் குனிந்து, "அம்மா, சத்தம் குடுங்கம்மா" என்றாங்களாம். "ம்" என்றாங்களாம். அதற்குப் பிறகு இல்லை.

அவங்க பயத்தைப் பார்த்து நான் சிரித்தேன். இப்போது அந்தப் பயம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அது கிறுக்காகத் தெரிகிறது. தெரியட்டும்.

பாத்ரூம் ஜன்னலில் ரெண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். குளிரும். குளிரட்டும். கீசரைச் சுவருக்கு வெளியே மாட்ட ஆள் சொல்லியிருக்கிறேன், வருகிற வாரம் வருவார். தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திருகினால் திறக்கிற மாதிரி நானே செய்து போட்டிருக்கிறேன். இவ்வளவும் செய்த பிறகும் நான் தட்டுவேன். பொய் சொல்ல விரும்பவில்லை. நீங்கள் பெரியவர்களாகி வேறு ஊர் போனாலும் போன் அடிப்பேன்.

கதவைத் திறக்க வேண்டாம். பாட்டை நிறுத்த வேண்டாம். நல்லபடியாகப் பதில் சொல்லக்கூட வேண்டாம். பெரியவளே, இந்த நாலு நாளாக நீ பேசாமல் இருக்கிறாய். நீ கோபத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரி ரெண்டு தடவை எழுந்து வந்து உன் அறை வாசலில் நின்று நீ மூச்சு விடுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போகிறேன்.

நாளைக் காலையில் தட்டும்போது திட்டு அம்மணி. வாயில் வருகிறதைச் சொல்லித் திட்டு.